முதலில் கண் எங்கே போக வேண்டும்?

(நுண்கலை மாணவர்களின் ஆண்டிறுதி ஒளிப்படக் கண்காட்சியை ஒட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று காலை கூட்டம் சேர்வதற்கு முன்பே வந்து, சுவரில் மாட்டியிருக்கும் படங்களை இரண்டு சுற்று பார்த்தேன். முதல் சுற்றில், எதைப் படமெடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். மனம் நிறைந்துபோனது. உப்பளத்தில் வேலை செய்யும் தாய், பூக்கடையில் உறங்கும் குழந்தை, தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர், விடியலில் கோலம் போடும் கைகள். பார்க்க வேண்டியவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டாம் சுற்றில், எப்படி எடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். நாம் பேச வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பல படங்களில் எல்லாப் பொருளும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. உப்பளத் தாயின் முகம், அவருக்குப் பின்னால் நிற்கும் பைக், மூலையில் கிடக்கும் நீல பிளாஸ்டிக் குடம், மூன்றும் ஒரே உரத்த குரலில் பேசுகின்றன. பந்தலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் மணப்பெண் சொல்வது யார் காதிலும் விழாது. படத்திலும் அப்படித்தான். ஆகவே இன்று உங்களிடம் ஒரே ஒரு கேள்வியை வைக்கப் போகிறேன். உங்கள் படத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் எங்கே போக வேண்டும்? காட்சியமைப்பு, ஒளியமைப்பு என்று பாடத்திட்டத்தில் இரண்டு தாள்களாக வைத்திருக்கிறோம். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வேலை. கண்ணை ஓரிடத்துக்கு அழைத்துப் போவதற்காக மற்றதையெல்லாம் விலக்கும் வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் பாட்டியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கும் பாட்டி. நல்ல முகம். ஆனால் உச்சி வெயிலில் எடுத்த படம். வாசலில் வெள்ளை வெளேரென்று வெயில். திண்ணைத் தூணுக்குப் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பாட்டியின் தலைக்கு மேலே கேபிள் ஒயர்.

“இந்தப் படத்தில் யாரைப் பார்க்கச் சொல்கிறாய், அம்மா?” என்று கேட்டேன்.

“பாட்டியைத்தான் சார்.”

“என் கண் முதலில் வாசலுக்குப் போகிறது. அடுத்து நாற்காலிக்கு. பாட்டியிடம் மூன்றாவதாகத்தான் வந்து சேர்கிறேன்.”

அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அடுத்த வாரம் இன்னொரு படத்துடன் வந்தாள். அதே பாட்டி, அதே திண்ணை, அதே முறம். மாலை ஐந்து மணி. இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருக்கிறாள். பாட்டிக்குப் பின்னால் இப்போது வாசல் இல்லை, வீட்டுக்குள்ளே போகும் இருண்ட நிலைப்படி இருக்கிறது. நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். தெருவிலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சம் பாட்டியின் ஒரு கன்னத்திலும், விரல்களிலும், உரித்த வெங்காயத்தின் மினுக்கத்திலும் மட்டும் படிந்திருந்தது. வெங்காயச் சருகு ஒன்று விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுகூடத் தெரிந்தது. முதல் படத்திலும் அப்படியொரு சருகு இருந்திருக்கும். வெயில் அதைத் தின்றுவிட்டது. புதிய கேமரா வாங்கவில்லை, விளக்கு வாங்கவில்லை. நேரத்தை மாற்றினாள், இரண்டு அடி நகர்ந்தாள், ஒரு நாற்காலியை எடுத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

அந்த மாற்றம் ஏன் வேலை செய்தது என்று பார்ப்போம்.

ஒளியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் அளவு. வெளிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. வெளிச்சம் தரும் பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். சூரியன் மிகப் பெரியதுதான். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். சிறிய இடத்திலிருந்து வரும் ஒளி கத்தியால் வெட்டியது போன்ற நிழலைத் தரும். கண்குழி இருண்டுபோகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஒரு மேகம் வந்து மறைக்கட்டும். இப்போது வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. நிழலின் ஓரம் கரைந்துபோகிறது. பெரிய விளக்கு மென்மை, சிறிய விளக்கு கடுமை. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாவது, திசை. முகத்துக்கு நேராக வரும் ஒளி முகத்தைத் தட்டையாக்கிவிடும். செல்பேசியின் ஃப்ளாஷ் செய்வது அதைத்தான். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளிதான் கன்னத்தின் வளைவையும், சுவரின் காரைப் பொருக்கையும், பாய்க்கோரையின் இழையையும் காட்டும். மேடு பள்ளம் தெரிய வேண்டுமென்றால் ஒளி சாய்ந்து வர வேண்டும்.

மூன்றாவது, தூரம். ஒரு சிறிய விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் இருப்பவரை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால், அவர்மேல் விழும் வெளிச்சம் பாதியாகக் குறையாது. கால் பங்காகக் குறையும். ஜன்னல் பெரியது என்பதால் கணக்கு இத்தனை துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் போக்கு அதேதான். ஜன்னலை ஒட்டி உட்கார வைத்தால் முகம் பளிச்சென்று இருக்கும், பின்சுவர் இருளில் ஆழ்ந்துவிடும். ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார வைத்தால் முகமும் சுவரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். பின்னணியை மறைக்க ஸ்டுடியோ திரை வேண்டியதில்லை. நாற்காலியை ஜன்னலுக்கு அருகே இழுத்துப் போட்டால் போதும்.

இந்த மூன்று பாடங்களையும் நம்முடைய பழைய வீடுகள் கட்டிவைத்திருக்கின்றன. திண்ணை என்பது தலைக்கு மேலே கூரையும் எதிரே திறந்த தெருவும் கொண்ட இடம். வெயில் நேராக விழாது, தெருவின் ஒளி பக்கத்திலிருந்து வரும். முற்றம் என்பது மேலிருந்து மட்டும் ஒளி இறங்கும் இடம். அதன் நடுவில் ஒருவரை நிறுத்தினால் கண்குழி இருளும். ஓரத்துக்கு நகர்த்தித் தாழ்வாரத்தில் நிறுத்தினால் அதே ஒளி பக்கவாட்டாக மாறிவிடும். கம்பி போட்ட ஜன்னல், ஒளியைக் கோடு கோடாக அறுத்துத் தரும். கோயிலுக்குள் நடந்து பாருங்கள். கோபுர வாசலில் கண் கூசும் வெயில், மண்டபத்தில் தூண்களுக்கிடையே வடிந்து வரும் ஒளி, உள்ளே போகப் போக இருட்டு, கருவறையில் ஒரே ஒரு எண்ணெய் விளக்கு. உங்கள் கண் எங்கே போக வேண்டும் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. சுற்றிலும் இருட்டை வைத்துத்தான் அவன் அந்தச் சுடரைக் காட்டுகிறான்.

விளக்கு வாங்கப் பணமில்லை என்று சொல்லும் மாணவர்களுக்கு நான் சுப்ரதா மித்ராவின் கதையைச் சொல்வேன். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியபோது அவருக்கு 21, 22 வயது. அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியதில்லை. அடுத்து வந்த ‘அபராஜிதோ’ (1956) படத்தில் காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் அமைத்தார்கள். ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிழல் விழும். முற்றத்தில் அப்படி விழாது. மித்ரா என்ன செய்தார்? செட்டுக்கு மேலே வானத்துக்குப் பதிலாக வெள்ளைத் துணியைக் கட்டினார். விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, மேகம் மூடிய வானத்தின் ஒளியாக இறங்கியது. நம் வீட்டுப் பெட்டியில் வெள்ளை வேட்டி இருக்கிறது. பொருள் பொதிந்துவந்த தெர்மாகோல் பலகை பரணில் கிடக்கிறது. முகத்தின் நிழல் பக்கத்தில் அந்தப் பலகையைப் பிடித்தால் நிழல் இளகும். அதற்குப் பதிலாகக் கறுப்புச் சார்ட் அட்டையைப் பிடித்துப் பாருங்கள், நிழல் ஆழமாகும். ஒளியைச் சேர்ப்பதைப் போலவே ஒளியைக் குறைப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பகல் வெளிச்சத்தில் எடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளிக்கு ஒரு நிறம், டியூப்லைட்டுக்கு வேறு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் பச்சையாகவும் மறு கன்னம் நீலமாகவும் தெரியும். கணினியில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும். சுவிட்சைத் தட்ட ஒரு விநாடி போதும்.

இப்போது நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கண்காட்சியில் மனிதர்களின் தோல் நிறத்தைக் கவனித்தேன். உப்பளத்தில் வெயிலில் நாள் முழுதும் நிற்கும் அந்தத் தாயின் முகம் படத்தில் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கிறது. அந்த மாணவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். கேமரா செய்தது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி எதுவாக இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டியைக் காட்டினால் அதை இருட்டாக்கும். கருங்கல் சிலையைக் காட்டினால் அதை வெளுக்க வைக்கும். கருத்த முகத்தை நெருங்கி எடுத்தாலும் அதேதான் நடக்கும். கேமரா சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறையுங்கள். செல்பேசியில் என்றால், முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மின்னும் இடம் வெள்ளையாக எரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருத்த தோல் ஒளியை வாங்கித் திருப்பித் தரும் விதம் அழகானது. அங்கே மினுக்கம்தான் வடிவத்தைச் சொல்கிறது. வெண்கலச் சிலையைப் படமெடுப்பவர்களுக்கு இது தெரியும். சிலையின் மேல் ஒளியைக் கொட்டினால் உருவம் கிடைக்காது. பக்கத்தில் பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்றை வைத்து, அது சிலையின் தோளில் பிரதிபலிக்கும்படி செய்தால் உருவம் எழுந்து நிற்கும். முகத்துக்கும் அதைச் செய்யுங்கள்.

வண்ணப்பட அச்சுக்கூடங்களில் பல பத்தாண்டுகள் ஒரு சோதனை அட்டை புழக்கத்தில் இருந்தது. ஷெர்லி அட்டை என்பார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் நிறம் சரியாக வந்துவிட்டால் எந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். உலகத்தின் மற்ற நிறங்களெல்லாம் அந்த அளவுகோலுக்கு வெளியே நின்றன. அந்த அளவுகோலை நாம் இன்னும் சுமக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த ராய் டெகராவாவின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஓவியம் பயின்று ஒளிப்படத்துக்கு வந்தவர். 1952இல் குகன்ஹெய்ம் நல்கை பெற்ற முதல் கறுப்பின ஒளிப்படக் கலைஞர். தன் மக்களின் முகங்களை அவர் இருண்ட சாம்பலிலும் கறுப்பிலும் அச்சிட்டார். முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். நின்று பார்த்தால் அந்தக் கறுப்புக்குள் எத்தனையோ படிகள் தெரியவரும். நம்மிடையே பாலு மகேந்திரா இருந்தார். ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். மாநிறம் மாநிறமாகவே இருக்கிறது, ஒரு சாயலும் குறையவில்லை. உங்கள் அம்மாவின் நிறத்தை வெளுக்க வைத்து எடுக்கும் படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் உண்மையான படம் ஆகாது. இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்து, காட்சியமைப்பு. மூன்றில் ஒரு பங்கு விதியை எல்லோரும் படித்திருக்கிறீர்கள். சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் முக்கியமானதை வைப்பது. நடக்கப் பழகும் குழந்தைக்கு நடைவண்டி மாதிரி அது. நடை வந்த பிறகு தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துங்கள். அதைவிடப் பயனுள்ள பாடம் நம் வாசலில் இருக்கிறது. கோலம் போடும் பெண் முதலில் புள்ளிகளை வைக்கிறாள். கோட்டை இழுப்பதற்கு முன்பே இடத்தை அளந்துவிடுகிறாள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைந்து போகிறது. கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே விட்ட வெற்றிடம்தான் அதன் அழகைத் தாங்குகிறது. நீங்களும் அப்படிப் பாருங்கள். முகம் எங்கே என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், முகத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் ஓரங்கள்தான். மாணவர்கள் நடுவில் இருப்பதையே பார்த்துக்கொண்டு ஷட்டரை அழுத்திவிடுகிறார்கள். பாதி வெட்டுப்பட்ட கால், மூலையில் நுழைந்த மின்கம்பம், தலைக்குப் பின்னாலிருந்து முளைத்ததுபோல் நிற்கும் தென்னை எல்லாம் பிறகுதான் கண்ணில் படும். நான் சொல்லித்தரும் பழக்கம் ஒன்று உண்டு. ஷட்டரை அழுத்துமுன், பிரகாரம் சுற்றுவதுபோல் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு முறை வலம் வாருங்கள். மிகவும் பளிச்சென்று இருப்பது எது என்று பாருங்கள். கண் முதலில் அங்கேதான் போகும். அது உங்கள் கருப்பொருள் இல்லையென்றால் நகருங்கள்.

நகர்வது காலின் வேலை. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். கனமான மரக் கேமரா, காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை எந்த ஒரு இடத்திலிருந்தும் முழுதாக எடுக்க முடியாது. அவர் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டினால் 19 அடிக்கு மேல் நீள்கிறது. வானமும் அவருக்குச் சிக்கலாக இருந்தது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். அது கண்ணை இழுத்துவிடும் என்பதால் சில நெகட்டிவ்களில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தார். உங்கள் படங்களில் பாதிக்கு மேல் இருக்கும் சிக்கலும் அந்த வெள்ளை வானம்தான். நீங்கள் மேகம் தீட்ட வேண்டாம். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், அல்லது ஒரு சுவரையோ மரத்தையோ பின்னணியாக்குங்கள்.

செல்பேசியில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் முதன்மை லென்ஸ் அகலமானது. முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும். இரண்டு அடி பின்னால் வந்து, இரு மடங்கு ஜூமில் வைத்து எடுங்கள். முகம் தன் இயல்புக்குத் திரும்பும்.

பொறுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930இல் குடைமிளகாய்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். சாதாரணச் சமையல் காய். வெள்ளைத் துணி, அட்டை என்று பல பின்னணிகளை வைத்துப் பார்த்தும் அவருக்கு நிறைவு வரவில்லை. கடைசியில் ஒரு தகரப் புனலைச் சாய்த்து வைத்து, அதன் வாய்க்குள் குடைமிளகாயை வைத்தார். புனலின் உட்புறம் ஒளியைச் சுற்றிலும் திருப்பி அனுப்பியது. காயின் ஒவ்வொரு வளைவும், முறுக்கிய உடலைப்போல எழுந்தது. பல நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்த அந்தப் படத்தின் பெயர் ‘பெப்பர் எண் 30’. அந்த எண்ணைக் கவனியுங்கள். முதல் படத்திலேயே கிடைத்துவிடவில்லை.

செக் நாட்டு யோசப் சூடெக் முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை பிராக் நகரில் தன் ஸ்டுடியோவின் ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். பனி படிந்த கண்ணாடி, மழைத்துளி, ஜன்னல் மேடையில் ஒரு தண்ணீர்க் குவளை. தேடிப் போக ஊரும் மலையும் இருந்தும், ஒரே ஜன்னல் பதினான்கு ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். விலை உயர்ந்த லென்ஸ் கேட்டுப் பிள்ளை அடம்பிடித்தால், முதலில் ஜன்னலோரத்தை ஒழித்துக் கொடுங்கள். ஆசிரியர்களே, மாணவர் நாற்பது படம் கொண்டுவந்தால் எட்டைத் தேர்ந்தெடுக்க வையுங்கள். விலக்கப் பழகுவது அங்கேதான் தொடங்குகிறது. மாணவர்களே, நண்பனின் படத்தைப் பார்த்தால் “சூப்பர்” என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். “என் கண் முதலில் இங்கே போனது” என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். அவனுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான்.

நாளைக் காலை ஒரு காரியம் செய்யுங்கள். ஜன்னலோரத்தில் வெள்ளைத் துணியை விரித்து ஒரு முட்டையை வையுங்கள். கேமராவைத் தொடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் படும் பக்கம், அது மெல்ல மங்கும் இடம், நிழல், அந்த நிழலுக்குள்ளே துணியிலிருந்து திரும்பி வரும் மங்கிய ஒளி. நான்கும் உங்களுக்குத் தெரியும்வரை உட்காருங்கள். நண்பகலில் அதே இடத்துக்கு வந்து பாருங்கள், மாலையிலும் பாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, எட்டாம் நாள் கேமராவை எடுங்கள். அதன் பிறகு அந்த உப்பளத்துக்குத் திரும்பப் போங்கள். அந்தத் தாய் அங்கேதான் வேலை செய்துகொண்டிருப்பார். வெயில் சாயும்வரை காத்திருங்கள். முதலில் அவர் முகத்தைப் பார்க்கும்படி எங்களுக்கு ஒரு படம் எடுத்துக் கொண்டுவாருங்கள்.